டபிளும் மற்றப் பெடியளும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. மத்தியானச் சேவிஸ் முடிஞ்சு, குசினி நிலத்தைத் தேய்ச்சுக் கழுவிப்போட்டு, ரெஸ்ரோரண்டின்ர பின்கதவடியில குப்பைவாளிக்குப் பக்கத்தில நிண்டு இளைப்பாறிக்கொண்டிருந்தன். இரவுச் சேவிசுக்கு இன்னும் மூண்டு மணித்தியாலம் கிடந்தது. பாரிசில குசினி வேலை செய்யிற ஆக்களுக்கு அந்த மூண்டு மணித்தியாலத்துக்குள்ளதான் நித்திரை, ஊர்க்கதை, கடன் கணக்கு எல்லாம். ரெலிபோன் அடிச்சுது. கனடா நம்பர்.

எடுத்தால் ஒரு கனத்த குரல். ஒரு முழுப்பேரைச் சொல்லி, "நான்தான் கதைக்கிறன்" எண்டுது. ஆரெண்டு கேட்டன். திருப்பியும் அதே பேர். அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது, நம்பர் மாறி அடிச்சிட்டியள் எண்டு சொல்லி வைக்கப் போனன்.

"டேய் விசரா, நான் அப்பீல்!"

அதுக்குப் பிறகு நாப்பது நிமிசம் கதைச்சம். கடைசியாத்தான் எடுத்த காரணத்தைச் சொன்னான். "நாங்கள் கடைசி நாள் வேப்பமரத்தடியில எடுத்த படம் உன்னட்டக் கிடக்கோ? டபிளின்ர அம்மா கேக்கிறா."

கிடந்தது. அம்மா அனுப்பின பழைய கடிதங்களுக்குள்ள கிடந்தது. அண்டு இரவு வேலையால வந்து தேடி எடுத்து வைச்சுப் பாத்துக்கொண்டு இருந்தன். நித்திரை போட்டுது. படத்தில நிக்கிற வரிசையிலயே எங்கட பெடியளை உங்களுக்கும் அறிமுகப்படுத்திறன். சொந்தப் பேர் சொல்லமாட்டன். சொன்னாலும் பிரயோசனம் இல்லை, எங்களுக்கே சொந்தப் பேர் தெரியாதெண்டு இப்ப கண்டனீங்கள்தானே.

படம் எடுத்தது 1998 ஆடியில. வலிகாமத்தில ஒரு பள்ளிக்கூடம், ஏ.எல் மற்ஸ் வகுப்பு. 1995 ஐப்பசி 30 இரவு வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்கு நடந்ததில நாங்களும் நடந்தனாங்கள். 1996இல திரும்பி வரேக்க ஊர் ஆமியின்ர கையில. வீட்டில கதவு நிலை இல்லை, பள்ளிக்கூடத்தில வாங்கு இல்லை. சில பெடியள் வன்னிக்குப் போய்த் திரும்பி வரேல்லை. மிஞ்சின 31 பேரையும் ஒரு வகுப்பில போட்டு, பியூர் மற்ஸ், அப்ளைட் மற்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ரி எண்டு நாலு பாடம். நாலுக்கும் சேத்து 400 மார்க்ஸ். அந்த 400க்குள்ளதான் எங்கட சீவியம் கிடக்கெண்டு வீட்டிலயும் சொன்னவை, மாஸ்டர்மாரும் சொன்னவை, நாங்களும் நம்பினம்.

படத்தில நிக்கிறது 19 பேர். மற்றப் பன்ரண்டு பேரும் படமெடுக்கப் பயந்து விலகினவை. அந்த நாளில ஒரு படம் ஆற்ற கையில போய்ச் சேரும், அதில ஆரை ஆர் தலையாட்டிக் காட்டுவினம் எண்டு தெரியாது.

இடப்பக்கம் முதலாவதா நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறது அப்பீல். அரை மார்க்ஸ் விடமாட்டான். 49 போட்டால் பேப்பரைக் கொண்டு மாஸ்டரின்ர வீட்டுப் படலை வரைக்கும் போவான். "சேர், இந்தப் படி சரிதானே, விடை மட்டுந்தானே பிழை" எண்டு தொடங்கினால் மாஸ்டரின்ர மனுசி தேத்தண்ணி போட்டுக் குடுக்கிற வரைக்கும் எழும்பமாட்டான். ஒருக்கா எங்கட கெமிஸ்ரி மாஸ்டர் தாங்கேலாமல், "இந்தா ரெண்டு மார்க்ஸ், ஆனால் இனி இந்தப் பக்கம் வரப்படாது" எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்தவர். இப்ப ஸ்காபரோவில வீடு விக்கிற ஏஜெண்ட். பஸ் நிலையத்து வாங்கில இவன்ர படம் சிரிச்சுக்கொண்டு இருக்குதாம். "ஆக்கள் உன்ர முகத்துக்கு மேலதான் குந்தி இருக்கினம்" எண்டு சொன்னன். "அதுக்கும் மாசம் காசு கட்டுறன்ரா" எண்டான்.

அவனுக்குப் பக்கத்தில மணிக்கூடு. இந்தப் பட்டத்துக்கு விளக்கம் தேவை. 1996 வைகாசியில அரசாங்கம் நாடு முழுக்க நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது ஞாபகம் இருக்கும். பிறகு ஐப்பசியில அதில அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் அப்பிடியே நிண்டுட்டுது. இவன்ர தகப்பன் ஒரு பிடிவாதக்காரன். "சூரியன் ஒருத்தற்ற கட்டளைக்கும் எழும்பிறேல்லை" எண்டு சொல்லி வீட்டு மணிக்கூட்டில கை வைக்க விடமாட்டார். அதால இவன் ஒவ்வொரு நாளும் சரியா அரை மணித்தியாலம் பிந்தி வருவான். ஏனடா எண்டு கேட்டால், "சேர், எங்கட வீட்டில பழைய நேரம்." அடியும் புது நேரத்தில விழும். 2006 சித்திரையில அரசாங்கம் அந்த அரை மணித்தியாலத்தையும் திருப்பிக் குடுத்த அண்டைக்குத் தகப்பன் மணிக்கூட்டைக் காட்டி, "பாத்தியோ, பத்து வருசமா நான்தான் சரி" எண்டு சொன்னவராம். மகன் இப்ப சுவிசில. அங்க ரெயில் ஒரு நிமிசம் பிந்தினாலே சனம் முழுசிப் பாக்கும். ஆண்டவன் பகிடிக்காரன்.

மூண்டாவது ஃபியூஸ். எதையும் திருத்துவான், திருத்த முதல் எரிப்பான். பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில இடப்பெயர்வுக்குத் தப்பி மிஞ்சினது ஒரேயொரு கல்வனோமானி. அதைக் கொண்டுபோய் மோட்டர்சைக்கிள் பற்றறியில நேர கொழுவினவன். புகை வந்தது. ரெண்டு கிழமை சோறு தண்ணி இல்லாமல், பழைய றேடியோவில உருவின மயிர்க்கம்பியால சுத்திச் சுத்தித் திருத்திக் கொண்டு வந்தான். வேலை செய்தது. ஆனால் முள்ளு மற்றப் பக்கம் ஆடும். அந்த வருசம் எங்கட வகுப்பில எல்லாற்ற கொப்பியிலயும் மின்னோட்டம் சயத்தில. பிசிக்ஸ் மாஸ்டர் ஒண்டும் கேக்காமல் கையெழுத்து வைச்சவர். ஃபியூஸ் இப்ப லண்டனில வீட்டு வயறிங் வேலை. அங்கத்தையச் சனத்தை நினைச்சால் பயமாக் கிடக்கு.

நடுவில கண்ணாடியோட கவிஞர். மற்றப் பெடியளுக்குக் காதல் கடிதம் எழுதிக் குடுக்கிறது இவன்ர தொழில். ஒரு கடிதத்துக்கு தேத்தண்ணிக் கடையில ஒரு ரோல்ஸ். பரவாயில்லாத வியாபாரம். ஒருநாள் ரெண்டு பேர் ஒரே நேரத்தில கேட்டுட்டினம். பஞ்சியில காபன் பேப்பர் வைச்சு எழுதி, மேல் கொப்பியை ஒருத்தனுக்கும் நீலக் கொப்பியை மற்றவனுக்கும் குடுத்திட்டான். அந்த ரெண்டு பிள்ளையளும் ரியூசனில ஒரே வாங்கு எண்டது இவனுக்குத் தெரியாது. அடுத்த வகுப்புக்கு ரெண்டு கடிதமும் திரும்பி வந்தது. மேல் கொப்பியில ல, ள, ழ பிழையெல்லாம் சிவப்புப் பேனையால திருத்தி, கீழ 35/100 எண்டு போட்டு, "பார்த்து எழுதியதால் 10 புள்ளி குறைக்கப்பட்டது" எண்டும் எழுதியிருந்தது. கவிஞர் அந்தப் பேப்பரை எறியேல்லை. திருத்தின பிள்ளையைத்தான் ஏழு வருசத்தால கலியாணம் கட்டினவன். நோர்வேயில இருக்கினம். இப்பவும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறாவாம்.

பின்வரிசையில மீசையோட, எங்களுக்கெல்லாம் சித்தப்பா மாதிரி நிக்கிறது பாட்டா. மூண்டாம் தரம் சோதினை எடுக்க வந்தவன். வேட்டியைக் கட்டிவிட்டால் அதிபர் எண்டு சொல்லலாம். உண்மையா ஆமிக்காரர் அப்பிடித்தான் நினைச்சவை. செக்பொயின்ரில எங்களை இறக்கி, பையைக் கொட்டி, ஐடென்ரிற்றிக் காட்டை ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாப்பினம். பாட்டாவைக் கண்டால் "மாஸ்ரர், யன்ன" எண்டு வழி விடுவினம். அவனும் எங்களைக் காட்டி, "மகே லமய்" எண்டுபோட்டு பாரமா நடந்து போவான். என்ர பிள்ளையள் எண்டு அர்த்தம். அவனுக்குத் தெரிஞ்ச சிங்களமே அவ்வளவுதான். அந்த ரெண்டு சொல்லால 31 பேரை ரெண்டு வருசம் கொண்டு திரிஞ்சான்.

இது பகிடி மட்டும் இல்லை. எங்களுக்கு ரெண்டு வருசம் மூத்தவ கிருசாந்தி. 1996 செப்ரெம்பர் 7ஆம் திகதி ஏ.எல் கெமிஸ்ரி சோதினை எழுதிப்போட்டு சைக்கிளில வீட்ட போகேக்க கைதடிச் செக்பொயின்ரில மறிச்சவங்கள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கூடத் திரும்பி வரேல்லை. நாலுபேரின்ர உடலையும் செம்மணியிலதான் எடுத்தது. அதுக்குப் பிறகு எங்கட ஊர் ரியூசனில ஒரு எழுதாத சட்டம் இருந்தது. இரவு வகுப்பு முடிஞ்சால் பெட்டையளின்ர சைக்கிள் முன்னுக்கு, பெடியளின்ர சைக்கிள் பின்னுக்கு. கடைசிப் பிள்ளை படலைக்குள்ள போகும் வரைக்கும் ஒருத்தரும் திரும்பிறேல்லை. மாஸ்டர்மார் அதைக் காதல் எண்டு நினைச்சு ஏசுவினம். கொஞ்சம் அதுவும் இருந்ததுதான்.

என்ர பட்டம் தேத்தண்ணி. கெமிஸ்ரி லாப்பில ஸ்பிரிற் விளக்கில முகவையை வைச்சுத் தேத்தண்ணி போட்டு ஒரு மிடறு பத்துச் சதத்துக்கு வித்தவன் நான். எனக்கு எந்தத் தொழில் எண்டு ஆண்டவன் அண்டைக்கே எழுதிப்போட்டான், நான்தான் தெரியாமல் கம்பசுக்குப் போனன்.

இனி டபிள். படத்தின்ர வலப்பக்க ஓரத்தில, நிக்காமல், என்ர சைக்கிள் பாரில குந்திக்கொண்டு வாய் நிறையச் சிரிச்சபடி இருக்கிறவன்.

மயிலிட்டிப் பெடியன். 1990இல இடம்பெயர்ந்து மல்லாகப் பக்கம் முகாமில இருந்தவை. தகப்பனுக்குக் கடல்தொழில், ஆனால் கடல் ஆமியின்ர வேலிக்கு அங்கால. சைக்கிள் வாங்கிற வசதி இல்லை. அதால ஒவ்வொரு நாளும் ஆற்றையேன் சைக்கிளில டபிள். சும்மா ஏறமாட்டான். "நீ பாரில இரு, நான் உழக்கிறன்" எண்டு உரிமையோட சைக்கிளை வாங்கிப்போடுவான். சைக்கிள்காரன் ராசா மாதிரி இருந்து போகலாம். பரீட்சை நேரத்தில பாரில இருந்துகொண்டு நான் சமன்பாடு வாசிக்க, உழக்கிக்கொண்டு விடை சொல்லுவான். சேர்க்குலர் மோசன் எனக்கு விளங்கினது அப்பிடித்தான்.

31 வீட்டுக் குசினியும் அவனுக்குப் பாடம். அப்பீல் வீட்டில வெள்ளிக்கிழமை பாயாசம், மணிக்கூடு வீட்டில ஒடியல் கூழ், எங்கட வீட்டில புட்டும் கறுத்தக்கொழும்பானும். அம்மா எனக்கு வைக்கிற புட்டைவிட அவனுக்கு வைக்கிற புட்டு உயரமா இருக்கும்.

என்ர சைக்கிள் ஒரு ரலி. அப்பாவின்ரது. அப்பா 1993இல செத்தபிறகு எனக்கு வந்தது. டபிளுக்கு அதில ஒரு கண். துடைப்பான், எண்ணெய் விடுவான், செயின் இறுக்குவான். கடைசி நாள் படமெடுத்திட்டு வரேக்க நான் சொன்னன், "நான் வெளிநாடு கிளிநாடு போனால் இது உனக்குத்தான்ரா." அவன் உழக்கிறதை நிப்பாட்டிப்போட்டு, "சத்தியமா?" எண்டு கேட்டான். நான் தலையில கை வைச்சுச் சத்தியம் பண்ணினன்.

சோதினை முடிஞ்சு மார்க்ஸ் வந்தது. எனக்கு யாழ்ப்பாணக் கம்பசில சயன்ஸ் கிடைச்சது. டபிளுக்கு என்னைவிடப் பத்து மார்க்ஸ் கூட, ஆனால் அவன் இஞ்சினியரிங் எண்டு நிண்டு அதுக்குக் காணாமல் போச்சு. திருப்பி எடுத்தும் சரிவரேல்லை. பிறகு ரியூசனில பிசிக்ஸ் படிப்பிக்கத் தொடங்கினான்.

2000 சித்திரையில ஆனையிறவு விழுந்து, பிறகு சாவகச்சேரிப் பக்கம் சண்டை. முதலாம் வருசம் முடிய முதலே வீட்டில என்னை அனுப்ப முடிவெடுத்திட்டினம். ஏஜென்சிக்கு அம்மாவின்ர தாலிக்கொடியும் அக்காவின்ர காணியும் போச்சு. கொழும்பு லொட்ஜில நிக்கிற செலவுக்குக் காசு காணாது. ரலியைச் சந்தையடியில ஒரு வியாபாரியிட்ட 4,500 ரூபாவுக்கு வித்தன். டபிளிட்ட சொல்லேல்லை. முகத்தைப் பாக்கேலாமல், போறன் எண்டும் சொல்லாமல் காங்கேசன்துறையில கப்பல் ஏறினன்.

ஏ-9 திறந்தபிறகு, 2003இல, அவன்ர கடிதம் ஒண்டு பாரிசுக்கு வந்தது. ஆறு பக்கம். முழுக்க நக்கல். பாட்டாவுக்கு மாஸ்டர் வேலை கிடைச்ச கதை, எங்கட மாமரம் காய்ச்ச கதை, தான் இப்ப ஒரு லுமாலா வாங்கின கதை. "உன்ர அம்மாவைக் கிழமைக்கு ஒருக்காப் போய்ப் பாக்கிறனான், புட்டுக்காக" எண்டும் எழுதியிருந்தான். ரலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. வித்தது அவனுக்குத் தெரியாதாக்கும், நான் சத்தியம் பண்ணினதை மறந்திட்டானாக்கும் எண்டு நானே எனக்குச் சொல்லிக்கொண்டன். பதில் எழுதினன், சைக்கிள் கதையை விட்டிட்டு.

2006 ஆவணியில முகமாலைப் பாதை பூட்டுப்பட்டுது. அந்தக் காலம் யாழ்ப்பாணத்தில ஆர் காலமை எழும்பி இருப்பினம் எண்டு தெரியாத காலம். மார்கழியில ஒருநாள் பின்னேரம் ரியூசன் முடிச்சு வந்த டபிள் வீட்டுக்கு வந்து சேரேல்லை. ஒழுங்கை முடக்கில வேலியோட லுமாலா சாத்திக் கிடந்தது. கரியரில கொப்பியளும் அப்பிடியே. அவ்வளவுதான் தெரியும், இண்டைக்கும்.

அவன்ர அம்மா ஏறாத படி இல்லை. ஆமிக் காம்ப், பொலிஸ், செஞ்சிலுவை, ஆணைக்குழு, பிறகு காணாமல் போன ஆக்களுக்கான அலுவலகம். ஒவ்வொரு இடத்திலயும் அதே ஐடென்ரிற்றிக் காட் படத்தின்ர கொப்பி. 2025இல செம்மணியில திருப்பியும் தோண்டி எலும்புக்கூடுகள் எடுத்து, ஆவணி 5ஆம் திகதி அங்க எடுத்த உடுப்புகள், சாமான்களைச் சனத்துக்குக் காட்டினவை. பாட்டாதான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவன். அவன் இப்ப உண்மையாவே உப அதிபர். மகன் காணாமல் போனது அந்தக் காலத்தில இல்லை எண்டு தெரிஞ்சும், ஒவ்வொரு சாமானா நிண்டு பாத்தவவாம். திரும்பி வரேக்க பாட்டாவிட்ட சொல்லியிருக்கிறா: "தம்பி, என்னட்டக் கிடக்கிற படத்தில அவன் முறைச்சுக்கொண்டு நிக்கிறான். இருபது வருசமா அதைத்தான் தூக்கிக்கொண்டு திரியிறன். ஆரிட்டையும் அவன் சிரிச்சபடி ஒரு படம் கிடக்கோ எண்டு கேட்டுச் சொல்லு."

அதுக்குத்தான் அப்பீல் எடுத்தது.

படத்தை ஸ்கான் பண்ணி அனுப்பினன். ஃபியூஸ் கொம்பியூட்டரில துப்புரவாக்கிப் பெருப்பிச்சான், இந்த முறை எரிக்கேல்லை. பாட்டா பிறேம் போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தான். குடுத்த அண்டு இரவு எனக்கு ஒரு சேதி அனுப்பினவன்: "அம்மா உன்னோட கதைக்கவேணுமாம். சைக்கிள் ஆற்றதெண்டு கேட்டவ."

எனக்குக் கை கால் விறைச்சுப்போச்சு. திங்கட்கிழமை லீவு. காலமை எழும்பி மூண்டு தேத்தண்ணி குடிச்சுப்போட்டு எடுத்தன்.

"அம்மா, நான்... தேத்தண்ணி." வேற என்ன பேர் சொல்லுறது?

"ஓ, ரலிக்காரத் தம்பி" எண்டா.

சுத்தி வளைக்காமல் சொன்னன். அம்மா, அந்தச் சைக்கிளை அவனுக்குத் தாறன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு வித்திட்டன், 4,500 ரூபாவுக்கு, அவனிட்டச் சொல்லவும் இல்லை.

அங்கால சத்தம் இல்லை. பிறகு சிரிக்கிற சத்தம். "அது அவனுக்குத் தெரியுமப்பு. நீ வித்து ரெண்டாம் நாளே சந்தையடியில கண்டுட்டான். கடைக்காரன் 5,500 சொன்னவனாம். வீட்ட வந்து, 'அம்மா, அந்த விசரன் ஆயிரம் ரூபா நட்டத்துக்குக் குடுத்திட்டுப் போட்டான், என்னட்டச் சொல்லியிருந்தால் நான் பேரம் பேசி வித்துக் குடுத்திருப்பன்' எண்டு சொன்னவன். ரெண்டு நாள் உன்னைப் பேசினவன். பிறகு, 'பாவம், அவனுக்குச் செலவுக்குக் காசு இருந்திருக்காது' எண்டான்."

நான் ஒண்டும் கதைக்கேல்லை. அவதான் கதைச்சா. அவன்ர லுமாலாவை இப்பவும் வைச்சிருக்கிறாவாம். மாசத்துக்கு ஒருக்கா பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிட்டுக் காத்தடிக்கிறவவாம். காத்தில்லாமல் நிண்டால் றிம்மில ரயர் வெட்டுப்படும் எண்டு அவன்தான் சொல்லிக் குடுத்தவனாம். ரெண்டுதரம் ரயரும் மாத்தியாச்சாம்.

"வந்து நிண்டான் எண்டால் ஓடவேணுமே தம்பி" எண்டா.

வைக்க முதல் பிறேமைப் பற்றிச் சொன்னா. படத்தில 19 பேரும் நிக்கிறபடியால் எல்லாரையும் விளக்குக்குப் பக்கத்தில வைக்கேலாது, உயிரோட இருக்கிற பிள்ளையளுக்கு அது கூடாது எண்டு சனம் சொன்னதாம். அதால சுவாமிப் படத்தட்டில வைக்கேல்லை. வாசலுக்கு நேர, ரீ.வீக்கு மேல கொழுவியிருக்கிறா. "அவனும் அந்தப் பிள்ளையளுக்குள்ள ஒண்டுதானே. அவனுக்கும் விளக்கு வைக்கமாட்டன்."

எங்கட வகுப்பில ஊரில மிஞ்சினது ஆறு பேர். மூண்டு பேரின்ர கதையை இண்டைக்கு எழுத எனக்குத் தெம்பில்லை. மிச்சப் பேர் ஏழு நாட்டில. வைகாசியில பாட்டாவின்ர மகளின்ர சாமத்தியவீட்டுக்கு ஊருக்குப் போக ரிக்கற் போட்டிருக்கிறன். அப்பீலும் வாறான். அம்மாவிட்ட ஒண்டு கேட்டிருக்கிறன், அந்த லுமாலாவை ஒருக்காத் தாங்கோ, மல்லாகத்தில இருந்து மயிலிட்டிக் கடற்கரை மட்டும் ஓடிப்போட்டுக் கொண்டுவந்து விடுறன் எண்டு. மயிலிட்டித் துறைமுகம் 2017இல விடுபட்டது, அவன் காணேல்லை.

தாறன் எண்டு சொன்னா. ஆனால் ஒரு நிபந்தனை.

"தனியப் போகாத. ஆரையேன் டபிள் ஏத்திக்கொண்டு போ."

அப்பீலிட்டச் சொன்னன். ஆர் உழக்கிறது எண்டதில இப்பவே அப்பீல் பண்ணத் தொடங்கிட்டான்.